நாங்கள் எண்ணிய ஜோடிகள்

எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தபோது வயது நாற்பத்தொன்று. அதற்கு முன் எட்டு வருடம் "இன்னும் முடியலியா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நான் இளைத்திருக்க வேண்டும். இளைக்கவில்லை. செஞ்சியில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகச் செய்த ஆராய்ச்சி அது. விண்மீன் மண்டலங்கள் ஜோடி சேர்வதும் கலப்பதும் பிரபஞ்சத்தின் வயது ஏற ஏற எப்படி மாறிவந்திருக்கிறது என்பது தலைப்பு. விசேஷ வீடுகளில் யாராவது கேட்டால் "வானத்தப் பத்தி" என்பேன். "அப்ப எம்பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும்னு பாத்துச் சொல்லேன்" என்பார்கள். படிப்பதே ஜோடி சேர்வதைப் பற்றித்தான் என்பதால் முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைநோக்கி எடுத்த படங்களில் அருகருகே தெரியும் இரண்டிரண்டு மண்டலங்களைப் பார்க்க வேண்டும். அவை நிஜமாகவே ஒன்றையொன்று இழுத்துக் கலந்துகொண்டிருக்கின்றனவா, இல்லை சும்மா ஒரே திசையில் தெரிகின்றனவா என்று முடிவு சொல்ல வேண்டும். கலப்பவை என்றால் அடையாளம் இருக்கும். வால் போல இழுபட்ட ஒளி, நடுவில் மெல்லிய பாலம், கோணிப்போன உருவம். விண்மீன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதில்லை, இடைவெளி அவ்வளவு. வாயுதான் மோதி நெருங்கிப் புது விண்மீன்களைப் பிறக்க வைக்கும். ஒரு ஜோடி கலந்து முடிய நூறு கோடி ஆண்டுகூட ஆகலாம் என்பதால் எதையும் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்க்க முடியாது. ஒரே நாளில் ஊரிலுள்ள வீடுகளையெல்லாம் எட்டிப் பார்த்து, இங்கே பெண் பார்க்கிறார்கள், இங்கே தாலி கட்டுகிறார்கள், இங்கே பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, கல்யாணம் என்றால் என்ன என்று எழுதுகிற மாதிரியான வேலை. தூரத்துப் படம் என்றால் பழைய படம். அந்த ஒளி நம்மிடம் வந்துசேர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. ஆகவே தூர வாரியாகப் பிரித்து எண்ணினால், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஒருவர் மட்டும் பார்த்துச் சொன்னால் செல்லாது. இருவர் தனித்தனியாகப் பார்த்து, இருவருமே 'கலக்கிறது' என்று சொன்னவை மட்டும்தான் எண்ணிக்கையில் சேரும். எனக்கு இரண்டாவது கண்ணாக இருந்த மாணவி, வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்துப் போய்விட்டாள். எனக்கோ கடைசி நீட்டிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆவணி முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும், எட்டு வருடமும் வீண். சென்னையில் இருக்கும் என் வழிகாட்டியிடம் போனில் புலம்பினேன். அவரை நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

"இதுக்கு இயற்பியல் தெரியணும்னு இல்ல. கண்ணு நல்லா இருக்கணும், பொறுமை இருக்கணும். பயிற்சிப் படங்கள்ல தேறிட்டா யாரா இருந்தாலும் சரி" என்றார் மேடம்.

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்று உள்ளங்கையில் நெல்லைப் பரப்பி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அவர் நெல் வியாபாரி. விடியற்காலையிலேயே நெல் ஏலம் நடக்கும் மார்க்கெட் கமிட்டிக்குப் போய்விடுவார். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, ஊதிவிட்டு, எந்த ரகம், எதில் எது கலந்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிடுவார். சரக்கு பிடிக்கவில்லை என்றால் கன்னத்துக்குள் 'ச்சு' என்று ஒரு சத்தம் வரும். எதிரில் நிற்கும் விவசாயிக்கு அந்தச் சத்தமே போதும். பட்டப்படிப்பில் பாதியில் நின்றவர், ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் படிப்பார். பயிற்சிப் படங்களில் என்னைவிட நன்றாகத் தேறினார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

"சும்மா ஒரே தெசையில தெரியறதுன்னா இன்னா?" என்று மட்டும் கேட்டார்.

"அனந்தபுரம் பஸ்ல வரச்சொல்ல பாத்திருக்கீங்கல்ல? ஒரு எடத்துல ராஜகிரியும் பக்கத்து மலையும் ஒட்டிக்கினு ஒரே மலையாட்டம் தெரியும். கொஞ்சம் தள்ளி வந்தா பிரிஞ்சிடும். அதான். நமக்குத்தான் பஸ்ஸு இல்ல, நின்ன எடத்துலேர்ந்தே சொல்லணும்."

"அப்ப கஷ்டந்தான்" என்றார் சந்தோஷமாக.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவது வழக்கம். தெருவெல்லாம் இட்லிச்சட்டியை அடுப்பில் ஏற்றும்போது எங்கள் வீட்டில் பாத்திரமே கழுவிக் கவிழ்த்தாகிவிடும். ஆகவே ஆறு மணிக்கு மேல் இருவருக்கும் கை ஒழிந்திருக்கும். கார்த்திகையில் ஆரம்பித்தோம். நான் உள்ளறையில், அவர் தெருப்பக்கத்து அறையில் நெல் மாதிரிப் பைகளுக்கு நடுவில். "ஆரம்பிக்கலாமா?" என்று கத்துவேன். "ம்" என்பார். இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவோம். ஒவ்வொரு படமும் இருபது விநாடி திரையில் நிற்கும். கலக்கிறது என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் இருபது விநாடி ஆனதும் அடுத்த படம் வந்துவிடும். யோசித்து யோசித்து மனசை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று மேடம் செய்த ஏற்பாடு அது.

படங்களைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. அதை அவர் விரதம் மாதிரி காப்பாற்றினார். சாப்பிடும்போது நான் வாய் தவறி "நேத்து ஒரு வால் பாத்தேன் பாருங்க" என்று தொடங்கினால், தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். பொதுவான கேள்வி மட்டும் கேட்பார். நம் பால்வெளி பக்கத்து மண்டலத்தோடு எப்போது கலக்கும் என்று ஒருநாள் கேட்டார். பல நூறு கோடி வருடம் கழித்து என்றுதான் ரொம்ப நாளாகச் சொன்னார்கள், இப்போது கலக்காமலே போனாலும் போகலாம் என்கிறார்கள் என்றேன். "அப்ப அவசரமில்ல" என்று வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு படுக்கப் போனார்.

முதலில் மிகத் தூரத்துப் படங்கள். மங்கலான பொட்டுகள், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டியவை. மார்கழி, தை, மாசி என்று அவை முடிந்தன. பிறகு கொஞ்சம் பக்கத்தில் இருப்பவை. கடைசியாக, நம் காலத்துக்கு மிக அருகிலிருக்கும் படங்களுக்கு வந்தபோது சித்திரை பிறந்துவிட்டது.

செஞ்சியில் சித்திரை எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. சுற்றிலும் பாறை. பகலெல்லாம் குடித்த வெயிலைப் பொழுது போனபிறகு திருப்பிக் கொடுக்கும். போதாததற்கு மாலையானால் கரண்ட் போய்விடும். எங்கள் இன்வெர்ட்டர் உள்ளறை மின்விசிறியை மட்டும்தான் ஓட்டும். இரண்டு நாள் அவர் தெருப்பக்கத்து அறையில் வேர்த்து வழிந்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நானே, "இங்க வந்து ஒக்காருங்க. திரும்பி ஒக்காந்துக்கலாம், நான் உங்க தெரையப் பாக்க மாட்டேன், நீங்க எந்தெரையப் பாக்காதீங்க" என்றேன். முதுகோடு முதுகாக உட்கார்ந்தோம். பேச்சில்லை. விதியை எள்ளளவும் மீறவில்லை என்று எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஒருநாள் பாலுக்கு உறைமோர் கேட்டு வந்தவர், நாங்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டுவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார். மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லார் வீட்லயும் இருக்கறதுதாம்மா. ஞாயித்துக்கெழம கோயில்ல ஒங்க ரெண்டு பேருக்காவவும் வேண்டிக்கிறேன்" என்றார். விஷயத்தை விளக்கினேன். அவர் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேண்டிக்கொண்டும் இருக்கிறார்.

வைகாசியில் எண்ணிக்கையைத் தொகுத்து வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். உலகத்தில் இதுவரை செய்தவர்கள் பெரும்பாலும் சொல்வது, பிரபஞ்சம் சிறியதாக, நெருக்கமாக இருந்த காலத்தில் கலப்பு அதிகம், விரிய விரியக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்பதுதான். மிகப் பழைய காலத்துக்குப் போனால் என்ன ஆகிறது என்பதில் இன்னும் இழுபறி உண்டு, ஆனால் நம் காலத்தை நோக்கி வருகையில் குறைகிறது என்பதில் பெரிய சண்டை கிடையாது. என்னுடைய கோடு தலைகீழாக இருந்தது. நம் காலத்தை நெருங்க நெருங்க ஏறியது. செஞ்சியிலிருந்து ஒருத்தி பிரபஞ்சத்தைப் புரட்டிப் போட்டுவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பள்ளியில் யாரையும் திட்டவில்லை. பிள்ளைகள் பயந்துபோயிருந்தார்கள்.

மேடம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போறீங்கன்னு தூர வாரியா எடுத்துப் பாருங்க" என்றார்.

எடுத்தேன். தூரத்துப் படங்களில் நான் ஒன்று என்றதில் பாதிக்கு அவர் பூஜ்யம் என்றிருந்தார். பக்கத்துப் படங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பதில்.

"பக்கத்துல இருக்கறது தெளிவா தெரியும் மேடம். அதனால ஒத்துப்போறோம்" என்றேன்.

"இருக்கலாம். அதுதான் காரணம்னு எப்படித் தெரியும்?"

போனை வைத்துவிட்டு அரைமணி நேரம் மேடத்தை மனசுக்குள் திட்டினேன். பொறாமை என்றுகூட நினைத்தேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

அந்த வாரம் குக்கர் ஆவி அடித்து என் வலது மணிக்கட்டு பொத்துப்போயிற்று. மருந்து போட்டு, கண்ணாடி வளையல்களையெல்லாம் இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். இன்னும் ஒரு சின்னப் பட்டியல் பாக்கி இருந்தது. வழக்கம் போல முதுகோடு முதுகாக உட்கார்ந்து தொடங்கினோம். கால்மணி நேரம் போயிருக்கும். அவர் திரும்பாமலே கேட்டார்.

"இன்னாம்மா, இன்னிக்கு ஒண்ணுகூட மாட்டலியா?"

"ஏழெட்டு ஒண்ணு போட்டேனே. மாட்டலன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

நான் திரும்பினேன். அவரும் திரும்பியிருந்தார். திரையில் படங்கள் பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன.

"வளையல் சத்தமே கேக்கலியேன்னு..." என்றார் மெதுவாக.

பூஜ்யம் விசைப்பலகையின் வலது கோடியில். என் கை எப்போதும் அங்கேதான் கிடக்கும், பெரும்பாலான படங்களுக்கு அதுதான் பதில் என்பதால். ஒன்று இடது கோடியில். கையைத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோகும்போதெல்லாம் வளையல்கள் சரிந்து குலுங்கியிருக்கின்றன. இருவர் திரையிலும் ஒரே நேரத்தில் ஒரே படம். பதினாறு வருடமாக அந்த வளையல் சத்தத்தை வைத்தே நான் சமையலறையில் கோபமாக இருக்கிறேனா இல்லையா என்று தெரிந்துகொள்கிற மனிதர் அவர். வேண்டுமென்று கேட்கவில்லை, கேட்காமலிருக்கவும் அவரால் முடியவில்லை.

அவரைக் கன்னாபின்னாவென்று கத்தினேன். எட்டு வருடத்தையும் காதால் கெடுத்துவிட்டீர்கள் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கத்தி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய 'ச்சு'. பிடிக்காத சரக்குக்கு வருகிற அந்தச் சத்தம், என் முதுகுக்குப் பின்னால் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது கேட்ட படங்களில் என் கை பூஜ்யத்தைவிட்டு நகர்ந்ததாக ஞாபகமே இல்லை. பக்கத்து மண்டலங்கள் அதிகமாகக் கலக்கவில்லை. நாங்கள்தான் கலந்திருந்தோம். தூரத்தில் பாதி தள்ளுபடி, பக்கத்தில் தள்ளுபடியே இல்லை, என் கோடு ஏறியது அதனால்தான்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. இதை நான் உண்மையாகவே யோசித்தேன். இருவர், தனித்தனித் திரை, பேச்சில்லை, எல்லாம் விதிப்படி. ஆவணிக்கு மூன்று மாதம்கூட இல்லை. மறுபடி எல்லாவற்றையும் செய்தால் முடியுமா என்ற பயம் வேறு. நான் அப்படி உட்கார்ந்திருக்கும்போதே அவர் எழுந்து தன் மடிக்கணினியையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு தெருப்பக்கத்து அறைக்குப் போய்விட்டார். ஈரத்துண்டைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டு உட்காரும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை மேடத்திடம் சொன்னேன். திட்டுவார் என்று காதைவிட்டுக் கொஞ்சம் தள்ளியே போனை வைத்திருந்தேன். அவர் சிரித்தார். இருமல் வரும் வரை சிரித்தார். "வளையலா!" என்று மறுபடி சிரித்தார். பிறகு, "தப்பு எம்மேலயும் இருக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே வரிசையில அனுப்பினது நான்தான். எல்லாத் தூரத்தையும் கலைச்சுப் போட்டு, ஆளுக்கு ஒரு வரிசையா அனுப்பறேன். முதல்லேர்ந்து பாருங்க" என்றார்.

ஆனி, ஆடி இரண்டு மாதமும் வேறு வேலையே இல்லை. அவருக்கு விடியலில் மார்க்கெட், எனக்குப் பகலில் பள்ளி, மாலையில் இருவருக்கும் படம். கண் எரிந்தது. இடையில் கதவு சாத்தியிருந்தது. இப்போது எங்களிடம் எது எந்தக் காலத்துப் படம் என்றும் தெரியாது, மற்றவர் எதைப் பார்க்கிறார் என்றும் தெரியாது. ஆனாலும் எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் யாருக்கும் கேட்காமல் 'ச்சு' கொட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தால் சிரிப்பு வரும்.

ஆடி கடைசியில் கோடு வந்தது. மங்கலால் தவறிப்போகிறவற்றுக்கு எல்லோரும் செய்கிற திருத்தத்தைச் செய்து பார்த்தால், உலகம் சொன்னதையே நாங்களும் சொல்லியிருந்தோம். முன்பு அதிகம், இப்போது குறைவு. புரட்டிப் போட ஒன்றுமில்லை. ஒருநாள் முழுக்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அடுத்த நாள், செஞ்சியில் ஒரு பள்ளி ஆசிரியையும் நெல் வியாபாரியும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து எண்ணியும் பிரபஞ்சம் அதே பதிலைத்தான் சொல்கிறது என்று தோன்றியதும் நிம்மதியாகிவிட்டது. ஆவணி பிறந்த இரண்டாம் நாள் ஆய்வேட்டைக் கொடுத்தேன். இருவரும் ஒத்துப்போகாத படங்களுக்கென்று ஒரு நீளமான பட்டியலும் அதில் இருந்தது.

மாசியில் சென்னையில் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்பதால் அவரும் வந்தார், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், கடைசி வரிசையில். பேச்சு முழுக்க ஆங்கிலம். கடைசியில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், இரண்டாவது ஆள் உங்கள் கணவர் என்று போட்டிருக்கிறீர்களே, அவர் சுயமாகத்தான் பார்த்தார் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். நான் ஒத்துப்போகாத பட்டியலைக் காட்டினேன். பட்டியலை யாரும் தயார் செய்யலாம் என்றார். அதிலிருந்து ஒரு எண்ணைச் சொல்லி, அந்தப் படத்தைப் பெரிய திரையில் போடச் சொன்னார். பெரியதாக ஒன்று, ஓரத்தில் சிறியதாக ஒன்று.

"கலக்கிறது. இடது பக்கம் வால் இருக்கிறது" என்றேன்.

தேர்வாளர் அரங்கத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "சார் வந்திருக்காரா? உங்க வீட்ல இது கலக்குதுன்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

எல்லாத் தலையும் திரும்பியது. என் வீட்டுக்காரர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. அவர் ஆமாம் என்றால் பட்டியல் பொய்யாகிவிடும், இரண்டு மாத உழைப்பும் போய்விடும். அவருக்கு அதைச் சொல்ல எனக்கு வழியில்லை. என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

"இல்லீங்க. அது கலக்கல. ரெண்டும் வேற வேற" என்றார்.

தேர்வாளர் சிரித்துவிட்டார். மேடமும் சிரித்தார். அரங்கமே சிரித்தது. அரைமணி நேரத்தில் என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் திண்டிவனம் தாண்டும்வரை அவர் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"இல்ல, அவரு ஒங்கிட்ட இங்கிலீஷ்ல கேட்டது ஒண்ணும் புரியல. நீ சொன்னத நான் இல்லன்னு சொன்னா ஒனக்குப் பட்டம் குடுக்க மாட்டாங்கன்னுதான் நெனச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏங்க இல்லன்னு சொன்னீங்க?"

"அது கலக்கலியேம்மா" என்றார். "நான் இன்னா பண்ணட்டும்?"